நொச்சி சூடும் பயிர்கள்

உழவுத் தொழிலின் படிகளை முறைப்பட எடுத்துரைக்கும் வள்ளுவப் பெருந்தகை, உழுவதைவிட எருவிடுதல் நன்று என்றும், களை நீக்கிய பின்னர் நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காத்தல் நன்று என்றும் மொழிகின்றார். பல்லாண்டுகளாக இக்குறளை நான் வகுப்பில் நடத்தி வருகின்றேன். 'காப்பு' என்னும் சொல்லுக்கு, மாடு மேயாமலும் பறவை கொத்தாமலும் காத்தல் என்று பொருள் கூறிக் கடந்து போவதே என் வழக்கம்.

ஒருநாள், எம். புதுப்பட்டியிலிருந்து வந்து பயிலும் இளங்கலை மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, மாட்டை விரட்டலாம், குருவியை விரட்டலாம். கண்ணுக்கே தெரியாமல் வருகின்ற நோயை எதைக் கொண்டு விரட்டுவது? எங்கள் உளுந்து இரண்டு வருடமாக மஞ்சள் பூத்துப் போய்விட்டது. அம்மா இப்போது பட்டாசு வேலைக்குப் போகிறார்கள்" என்றார். வகுப்பு அமைதியாகிவிட்டது. இலக்கணக் குறிப்பு எழுதத் தெரிந்த எனக்கு அந்த வினாவிற்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். பின்னர் வேளாண் நூல்களையும், அத்துறை அறிந்தோரையும் நாடிக் கற்றவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

தேமல் என்னும் சொல்

அம்மாணவரின் நிலத்தை நேரில் சென்று கண்டேன். சிவகாசியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் பல வானம் பார்த்த பூமியே. புரட்டாசியில் மழையை எதிர்நோக்கி விதைப்பார்கள். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் என்று மழையின் போக்கிற்கேற்பப் பயிர் மாறும். பயிர் பொய்த்தால் அடுத்த வாசல் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களே.

உளுந்துச் செடியின் இளந்தளிர்களில் முதலில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் தோன்றுகின்றது. பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து, சில வாரங்களில் இலை முழுதும் மஞ்சளாகிவிடுகின்றது. காய்கள் சிறுத்து, உள்ளே மணி பிடிப்பதில்லை. இதற்கு 'மஞ்சள் தேமல் நோய்' என்று பெயர். சங்கப் பாடல்களில் வரும் 'சுணங்கு' என்னும் சொல்லுக்கு உரையாசிரியர்கள் தேமல் என்று பொருள் கூறுவர். மகளிர் மேனியழகாகப் புலவர்கள் பாடிய அத்தேமலே உழவனின் வயலில் வறுமையின் அடையாளமாகிவிட்டது.

பாசிப்பயற்றில் இந்நோய் ஒரு நச்சுயிரியால் உண்டாவதை 1960ஆம் ஆண்டில் தில்லியில் நிகழ்ந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈ, அந்நச்சுயிரியைச் சுமந்து சென்று அடுத்த செடியில் செலுத்துகின்றது. இதனை அறியாத உழவர், இலை மஞ்சளானவுடன் உரக்குறை என்று கருதி உரமிடுகின்றார். பின்பு பூசண நோய் என்று கருதி அதற்குரிய மருந்தை அடிக்கின்றார். மாணவரின் தந்தையாரும் அவ்வாறே மூன்று முறை மருந்து தெளித்திருந்தார். "கடன் வாங்கி அடித்தேன் சார். செடியும் தேறவில்லை, கடனும் தீரவில்லை" என்றார். அவர் தெளித்த மருந்துகளுள் ஒன்றும் நச்சுயிரியைத் தொடக்கூடியது அன்று. நோயுற்ற வயலில் தெளித்து நச்சுயிரியைக் கொன்று பயிரை மீட்கும் மருந்து இன்றளவும் உழவர் கைக்கு எட்டவில்லை.

அச்சகம் இல்லாத கையெழுத்துப்படி

நச்சுயிரி என்பது யாது? 1892இல் இவானோவ்ஸ்கி என்னும் உருசிய ஆய்வாளர், தேமல் நோயுற்ற புகையிலையின் சாற்றை நுண்ணுயிர்கள் நுழைய இயலாத வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் டச்சு நாட்டு அறிஞர் பெய்யரிங்க், இது பாக்டீரியாவினின்றும் வேறான ஒன்று என்று கூறி 'வைரஸ்' என்னும் சொல்லை இதற்குப் பயன்படுத்தினார். 1935இல் அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி புகையிலைத் தேமல் நச்சுயிரியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதன் நீளம் 300 நானோ மீட்டர். ஒரு மில்லி மீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் 300 கூறு எவ்வளவோ அவ்வளவே.

சிவகாசிப் பகுதியினர்க்கு இதனை விளக்குவது எளிது. நச்சுயிரி என்பது அச்சகம் இல்லாத ஒரு கையெழுத்துப்படி. தானாக ஒரு படியும் எடுக்க அதனால் இயலாது. செடியின் உயிரணுவாகிய அச்சகத்தினுள் புகுந்து, அங்குள்ள எந்திரத்தையும் தாளையும் மையையும் கைப்பற்றித் தன்னையே ஆயிரக்கணக்கில் அச்சடித்துக்கொள்கின்றது. அச்சகத்தை இடிக்காமல் அக்கையெழுத்துப்படியை மட்டும் அழிப்பது அரிது. நச்சுயிரி நோய்க்கு மருந்து காண்பதில் உள்ள இடர்ப்பாடு இதுவே.

தற்காப்புக்குச் செடிகள் செய்துகொண்ட பொருள்கள்

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. வெயிலிலும் மழையிலும் நின்ற இடத்தை விட்டு நகர இயலாத செடிகொடிகள், எண்ணற்ற நச்சுயிரிகளுக்கு நடுவே எவ்வாறு பிழைத்து வந்துள்ளன? அவை தம்முள்ளேயே காவற் பொருள்களைச் செய்து வைத்துள்ளன என்பதே விடை.

1925இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் டக்கர், ஆம்ஸ்ட்ராங் என்னும் இருவர், பல்வேறு செடிகளின் சாற்றைப் புகையிலைத் தேமல் நச்சுயிரியோடு கலந்து பார்த்தனர். 'போக்வீட்' என்னும் காட்டுச் செடியின் சாறு கலந்தபோது நச்சுயிரியின் தொற்றும் ஆற்றல் பெரிதும் தடைபட்டது. அச்சாற்றில் செயலாற்றுவது ஒரு புரதம் என்று பின்னாளில் தெளிவாயிற்று.

அப்புரதத்தின் செயல் வியப்பிற்குரியது. உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் பொறிக்கு 'ரைபோசோம்' என்று பெயர். மேற்சொன்ன உவமையில் அதுவே அச்சு எந்திரம். போக்வீட் புரதம், அவ்வெந்திரத்தின் இன்றியமையாத ஓரிடத்திலிருந்து அடினைன் என்னும் ஒரேயொரு மூலக்கூற்றுத் துண்டைப் பிடுங்கிவிடுகின்றது. எந்திரம் நின்றுவிடுகின்றது. இப்புரதத்தைச் செடி தன் உயிரணுக்களின் சுவர்ப்பகுதியில் ஒதுக்கி வைத்துள்ளது. பூச்சி கடித்தோ இலை கிழிந்தோ நச்சுயிரி உள்ளே நுழையும்போது இதுவும் உடன் நுழைந்து அந்த ஓர் உயிரணுவின் அச்சகத்தை நிறுத்திவிடுகின்றது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஓர் உயிரணு மடிந்து செடியைக் காக்கின்றது.

இவ்வகைப் புரதம் அயல்நாட்டுச் செடியில் மட்டும் உள்ளதன்று. நம் வீட்டு முற்றத்தில் மாலையில் மலரும் அந்திமந்தாரையின் வேரிலிருந்தும் இத்தகைய புரதம் பிரிக்கப்பட்டுள்ளது. 1980களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அது 250 அமினோ அமிலங்களால் ஆயது எனக் கண்டறிந்தனர். கீரையாகச் சமைத்து உண்ணும் மூக்கிரட்டையின் வேர்ச்சாறு நச்சுயிரிகளைத் தடுக்கும் என்பதை இலக்னோவைச் சார்ந்த வர்மா, அவஸ்தி ஆகிய ஆய்வாளர்கள் 1979இல் எழுதி வெளியிட்டனர். வேலியில் படரவிடும் காகிதப்பூச் செடியின் இலையிலும் இத்தன்மை உண்டு. இம்மூன்றும் தாவரவியலில் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை என்பது எண்ணத்தக்கது.

செடிக்குள் ஓடும் செய்தி

காவலில் இரண்டாவது வகை ஒன்று உண்டு. அது நச்சுயிரியை நேரே தாக்குவதன்று. செடியை முன்கூட்டியே விழிப்படையச் செய்வது. 1961இல் பிராங்க் ராஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், நோயை ஒரு புள்ளியிலேயே கட்டுப்படுத்தும் இயல்புடைய புகையிலைச் செடியின் கீழிலைகளில் தேமல் நச்சுயிரியைத் தடவினார். சில நாள் கழித்து மேலிலைகளில் தடவியபோது அவ்விலைகளில் தோன்றிய நோய்ப்புள்ளிகள் சிறுத்திருந்தன. கீழே பட்ட அடியை மேலிருந்த இலைகள் அறிந்திருந்தன என்பது இதன் பொருள்.

1979இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வைட் என்பவர், தலைவலிக்கு நாம் உட்கொள்ளும் ஆஸ்பிரின் கரைசலைப் புகையிலையின் இலையில் செலுத்தினார். செடியின் நோயெதிர்ப்பு கூடியது. ஆஸ்பிரினின் மூலமாகிய சாலிசிலிக் அமிலத்தைச் செடிகள் தாமாகவே உண்டாக்குகின்றன என்பதும், நோய் தாக்கியவுடன் அதன் அளவு உயர்கின்றது என்பதும் 1990இல் வெளிவந்தன. அவ்வமிலத்தைச் சிதைத்துவிடுமாறு மாற்றியமைக்கப்பட்ட செடிகள் இவ்வெதிர்ப்பை இழந்துவிட்டன என்று 1993இல் மெய்ப்பிக்கப்பட்டது. நோயுற்ற புகையிலைச் செடி அதன் மாற்றுருவாகிய மெத்தில் சாலிசிலேட்டைக் காற்றில் வெளியிடுகின்றது என்பதும், அதனை நுகர்ந்த பக்கத்துச் செடி தன் காவலை முடுக்கிக்கொள்கின்றது என்பதும் 1997இல் அறியப்பட்டன. மூட்டுவலித் தைலங்களின் நெடிய மணத்திற்குக் காரணமான பொருள் அதுவே. உலக வாணவேடிக்கைத் தொழிலில் விசிலடித்து மேலெழும் வெடிகளுக்குச் சாலிசிலேட் உப்பைச் சேர்ப்பதும் உண்டு. ஒரே குடும்பப் பொருள் தைலப் புட்டியிலும், வாணத்திலும், ஊமையாய் நிற்கும் செடியின் எச்சரிக்கைக் குரலிலும் இருப்பது படைப்பின் விந்தையன்றோ!

பச்சிலைச் சாறுகளுள் சில, செடியில் இத்தகைய விழிப்பினைத் தூண்டுவனவாகவும் உள்ளன. மூக்கிரட்டை வேர்ப் புரதத்தை அவ்வகையினதாகவே ஆய்வாளர் கருதுவர்.

கோவை காட்டிய வழி

ஆய்வகத்தில் கண்டதை வயலுக்குக் கொண்டுவந்த பெருமையில் தமிழ்நாட்டிற்குப் பங்குண்டு. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் 1980களிலேயே சோள இலையிலும் தென்னை ஓலையிலும் உள்ள நச்சுயிரி எதிர்ப்புப் பொருளை ஆராய்ந்தனர். நிலக்கடலையைத் தாக்கும் மொட்டுக் கருகல் நோய்க்கு அதனைப் பரிந்துரைக்கவும் செய்தனர். இலைப்பேன் வழியே பரவும் இந்நோய்க்குக் காரணம் தனியொரு நச்சுயிரி என்பதை ஐதராபாத் அருகே பட்டஞ்சேருவிலுள்ள பன்னாட்டுப் பயிராய்வு மையத்தினர் 1992இல் தெளிவுபடுத்தினர்.

பல்கலைக்கழகத்தின் செய்முறை எளியது. சோள இலையை அல்லது தென்னை ஓலையை உலர்த்தி, நறுக்கி, பொடியாக்க வேண்டும். ஒரு கிலோ பொடிக்கு இரண்டு லிட்டர் நீர் சேர்த்து, 60 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும். பின்னர் மெல்லிய துணியில் வடிகட்டி, நீர் சேர்த்துப் பத்து லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் கரைசல் தேவை. விதைத்த 10ஆம் நாளும் 20ஆம் நாளும் தெளித்தல் வேண்டும்.

உளுந்தின் மஞ்சள் தேமலுக்கு, விதை நேர்த்தியோடு சேர்த்து, நொச்சி இலைச்சாற்றை 10 விழுக்காட்டுக் கரைசலாக விதைத்த 30ஆம் நாளில் தெளிப்பதும் பரிந்துரைகளுள் ஒன்று. இங்கே தமிழ் மாணவர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். பகைவர் முற்றுகையிட்ட மதிலைக் காக்கும் வீரர் சூடுவது நொச்சி என்றும், அதுவே அத்திணைக்குப் பெயர் என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கின்றது. மதில் காத்தோர் சூடிய அதே நொச்சி இன்று பயிர் காக்கவும் பறிக்கப்படுகின்றது. பெயர் வைத்த முன்னோர்க்கு நச்சுயிரி தெரிந்திருந்தது என்று நான் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது அவர்க்கும் பெருமையன்று, அறிவியலுக்கும் பொருந்தாது. சொல்லும் செயலும் தற்செயலாக ஒன்றுபட்ட அழகினைச் சுட்டுகின்றேன், அவ்வளவே.

நம் மாவட்டத்தில் காணுமிடமெல்லாம் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தைப் பற்றியும் ஒரு சொல். அதனை வேரோடு களைய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றதை யாவரும் அறிவர். அதன் இனத்தின் இலைச்சாற்றிற்கும் நச்சுயிரியைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகாதது என்று தள்ளியதிலும் ஆவது ஒன்று இருக்கலாம். அதற்காக அதனை வளர்க்க வேண்டுவதில்லை. வெட்டும்போது இலையை வீணாக்காமல் ஆராயலாம்.

மறக்கலாகாத எல்லைகள்

இதுவரை கூறியவற்றைப் படித்துவிட்டுப் பச்சிலைச்சாறு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எவரேனும் முடிவு கட்டினால், நான் உழவர்க்குத் தீங்கு செய்தவனாவேன். ஆகவே எல்லைகளையும் கூறுதல் கடமை.

முதலாவது, இச்சாறுகள் வருமுன் காப்பன, வந்தபின் தீர்ப்பனவல்ல. இலை மஞ்சளான பின்பு தெளிப்பதால் அச்செடி மீளாது.

இரண்டாவது, ஒரு பயிருக்கும் நோய்க்கும் ஏற்றது மற்றொன்றுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. நிலக்கடலையின் மொட்டுக் கருகலுக்குச் சொன்ன தென்னை ஓலைச் சாற்றை உளுந்தின் தேமலுக்கும் பயன்படும் என்று நாமாகக் கொள்ளலாகாது. வேப்பெண்ணெயும் வேப்பங்கொட்டைச் சாறும் பெரும்பாலும் நோய் சுமக்கும் பூச்சியைத் தடுப்பன. சுமப்பதைத் தடுப்பது வேறு. சுமையைத் தடுப்பது வேறு.

மூன்றாவது, இயற்கைப் பொருள் என்பதாலேயே தீங்கற்றது என்று கருதுதல் பிழை. பொன் நிறுக்கப் பயன்பட்ட குன்றிமணியிலும் ஆமணக்கு விதையிலும் உள்ள கொடிய நஞ்சுகள், மேலே சொன்ன ரைபோசோமை நிறுத்தும் புரத வகையினவே. செடியைக் காப்பது மனிதனைக் கொல்லவும் கூடும். அறிந்தோர் வகுத்த செய்முறையை விட்டுக் கண்ட இலையைக் காய்ச்சலாகாது.

நான்காவது, உழைப்பின் கணக்கு. மாணவரின் தந்தையாரிடம் சோள இலைச் செய்முறையை நான் விளக்கியபோது, அவர் விரல்விட்டு எண்ணினார். ஏக்கருக்கு 200 லிட்டர். அதற்கு இருபது கிலோ பொடி. "பொடிக்குக் கூட ஓலை கிடைக்கும் சார். இருநூறு லிட்டர் தண்ணீருக்கு இந்தக் காட்டில் நான் எங்கே போவேன்?" என்றார். நூலில் இல்லாத கேள்வி அது. இலையின் முதிர்ச்சி, பருவம் ஆகியவற்றிற்கேற்பச் சாற்றின் வீரியம் மாறுவதும், காய்ச்சிய சாற்றை நெடுநாள் வைத்திருக்க இயலாமையும் இம்முறை பரவாமைக்குரிய பிற காரணங்கள்.

ஆகவே பச்சிலைச் சாறு மதிலின் ஒரு கல்லே. மதில் முழுதும் அதுவன்று. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனிலுள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் 6, வம்பன் 8 முதலிய உளுந்து வகைகள் மஞ்சள் தேமலை எதிர்த்து நிற்பவை. நோயெதிர்ப்பு விதையை வாங்குவது முதற்படி. விதை நேர்த்தி இரண்டாம் படி. மஞ்சள் கண்ட முதற்செடியை இரக்கமின்றிப் பிடுங்கி அழித்தல் மூன்றாம் படி. வரப்புக் களைகளை அகற்றி, வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் பொறி வைத்தல் நான்காம் படி. இலைச்சாறு இவற்றோடு சேரும்போதே பயன் தரும். அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், திருவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. பேருந்தில் சென்று கேட்டறியும் தொலைவில் அறிவு இருந்தும், கேட்காமல் கடன்படும் நிலையே நம் துயரம்.

தமிழ்த்துறையின் பங்கு

சென்ற பருவத்தில் அவ்வுழவர் நோயெதிர்ப்பு விதையை விதைத்தார். பத்துச் சென்ட் நிலத்தில் மட்டும் நொச்சிச் சாற்றையும் தெளித்துப் பார்த்தார். அறுவடை வீடு வந்து சேர்ந்தது. எதனால் சேர்ந்தது? விதையாலா, சாற்றாலா, அவ்வாண்டு வெள்ளை ஈ குறைந்ததாலா? பத்துச் சென்ட் நிலத்தை வைத்துத் தீர்ப்புக் கூறுவது அறிவியலாகாது. ஆனால் அம்மாணவரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். நோயுற்ற செடி, நல்ல செடி என்று நாள்தோறும் எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அத்தனையும் நல்ல தமிழில். 'வைரஸ்' என்று எழுதாமல் 'நச்சுயிரி' என்றே எழுதியிருந்தார். அவர் தந்தையார் அதனை எழுத்துக்கூட்டிப் படித்து, "நஞ்சு உயிரா? சரியான பெயர்தான்" என்றாராம்.

அறிவியலை உழவன் வாசலுக்குக் கொண்டு செல்லும் வண்டி தாய்மொழியே. பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உறங்குகின்றன. உழவரோ கடைக்காரர் சொல்லும் சொல்லையே நம்பி நிற்கின்றார். இவ்விரண்டிற்கும் இடையே பாலம் அமைப்பது வேளாண் துறையின் பணி மட்டுமன்று. தமிழ் பயில்வோர் பணியுமாகும். நம் மாணவர்கள் தத்தம் ஊரின் பயிர், நோய், அதற்கு ஊரார் இட்ட பெயர், பெரியவர்கள் கையாண்ட முறை ஆகியவற்றைத் தொகுத்து, அவற்றை வேளாண் அறிஞர்களிடம் காட்டி மெய்ப்பொருள் காணலாம். சமுதாயப் பெரியவர்கள் தம் நினைவிலுள்ளதை மனமுவந்து சொல்லியுதவ வேண்டுகின்றேன். என் நன்னா அந்திமந்தாரையைக் கிணற்றடியில் வளர்த்தார்கள். எதற்கென்று நான் கேட்டதில்லை. கேட்காமல் விட்ட கேள்விகள் அவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டன.

இவ்வாண்டு உழவு அதிகாரத்தை நடத்தும்போது 'காப்பு' என்னும் சொல்லில் சற்றுக் கூடுதலாக நிற்கின்றேன். மாடும் பறவையும் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத பகையும் அச்சொல்லுள் அடங்கும் என்று கூறுகின்றேன். அதனை எனக்குக் கற்பித்தவர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.